700 ரூபாய்க்குள் பரிசுக்கூடை: பெங்களூரில் எங்கே வாங்கி, எப்படிக் கட்டுவது

தீபாவளி நெருங்கும்போது பெரிய கடைகளின் வாசலில் பளபளவென்று அடுக்கி வைத்திருப்பார்களே பரிசுக்கூடை, அதில் ஒன்றைப் போன வருஷம் எங்களுக்கு ஒருவர் கொடுத்தார். மேலே சுற்றியிருந்த தாளைப் பிரித்து, ரிப்பனை அவிழ்த்து, பொருளையெல்லாம் எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் பார்த்தால் கூடையில் பாதிக்கு மேல் நறுக்கிய காகிதம்தான். பொருள் என்று இருந்தது ஒரு பிஸ்கட் டப்பா, இரண்டு சாக்லேட், ஒரு மெழுகுவர்த்தி, எங்கள் வீட்டில் யாருமே குடிக்காத ஏதோ ஒரு மூலிகை டீ. விலைச்சீட்டைக் கிழிக்க மறந்திருந்தார்கள்: 1,899 ரூபாய். கொடுத்தவர் நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காசில் மூன்று வீட்டுக்குக் கூடை கட்டியிருக்கலாம் என்று எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

நான் இருப்பது அல்சூரில். ஏழெட்டு வருஷமாகப் பிறந்தநாள், புதுவீடு, வளைகாப்பு, அலுவலகத்தில் யாராவது கிளம்பிப் போவது என்று எதற்கும் கூடைதான் கட்டிக் கொடுக்கிறேன், பெரும்பாலும் 500லிருந்து 700 ரூபாய்க்குள். கைவேலை எதுவும் எனக்கு வராது, ரிப்பனில் ஒழுங்காகப் பூ முடிச்சுக்கூடப் போடத் தெரியாது. அதனால் இதைப் படித்துவிட்டு உங்களால் முடியாது என்று நினைக்கவேண்டியதில்லை.

முதலில் ஆள், அப்புறம் கடை

புதிதாகக் கட்டுகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, நேராகக் கடைக்குப் போவது. அங்கே எல்லாமே அழகாகத்தான் இருக்கும். நாலு பொருளை அள்ளிக்கொண்டு வந்து வீட்டில் பரப்பினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது, அதைச் சரிக்கட்ட இன்னும் இரண்டு பொருள் வாங்குவோம், பட்ஜெட் அங்கேயே போய்விடும். அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு காகிதத்தில் வாங்கிக்கொள்ளப் போகிறவரின் பெயரை எழுதி, அதன் கீழே அவருடைய நாளில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மணி நேரத்தை எழுதுங்கள். 'மாமாவுக்குக் காபி பிடிக்கும்' என்பதெல்லாம் போதாது, பெங்களூரில் யாருக்குத்தான் பிடிக்காது. மாமா எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், டிகாஷனைத் தானே போடுகிறாரா, எங்கே உட்கார்ந்து குடிக்கிறார், கையில் பேப்பரா போனா, அந்த நேரத்தில் எதற்காவது சலித்துக்கொள்கிறாரா? கடைசிக் கேள்விதான் முக்கியம். எதற்குச் சலித்துக்கொள்கிறாரோ அதிலேயே கூடையின் முதல் பொருள் கிடைத்துவிடும். ஃபில்டரின் ஓட்டை அடைத்துக்கொண்டு டிகாஷன் இறங்கவில்லை என்று மாமா தினமும் புலம்புகிறார் என்றால் அவருக்குத் தேவை விலை உயர்ந்த காபித்தூள் இல்லை, ஒரு புது ஃபில்டர்.

என் சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்தபோது எல்லாரும் குழந்தைக்குச் சட்டையும் கிலுகிலுப்பையும் கொண்டுபோனார்கள். போனில் பேசும்போது அவள் சொன்னது ஒன்றுதான்: "ராத்திரி மூணு மணிக்குப் பால் கொடுக்க எழுந்தா பசி உயிர் போகுதுக்கா, ஒரு கையில குழந்தை, இன்னொரு கையால டப்பாவைத் திறக்கவே முடியல." கூடை அங்கேயே தயார். ஒரு கையால் திறக்கிற மூடி போட்ட தண்ணீர் பாட்டில், ஒரே வாயில் போடுகிற அளவுக்குச் சின்னதாகப் பிடித்த பாசிப்பருப்பு உருண்டை, கண்ணைக் கூசாத ஒரு குட்டி விளக்கு, தோளில் போட்டுக்கொள்ள அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் அடித்த நாலு துணி. எல்லாம் சேர்த்து 480 ரூபாய். குழந்தைக்கு என்று அதில் ஒன்றுமே இல்லை, அதனால்தான் அவள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைக்கிறேன்.

பணக்கணக்கு, ஒரு உதாரணத்தோடு

எங்கள் அலுவலகத்தில் இரவுக் காவலுக்கு இருந்த அண்ணன் வேலையை விட்டு ஊருக்குப் போகிறார் என்றதும் பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு 70 ரூபாய் போட்டோம். ஊர் திருவண்ணாமலைப் பக்கம். அவருடைய மணி நேரம் எங்களுக்கெல்லாம் மனப்பாடம்: விடியற்காலை நாலு மணி, வாசலில் நாற்காலி, தலையில் மப்ளர், ஆறிப்போன டீ, பேப்பர் வந்ததும் தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பது. கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிவார், அது விழும், ஒரு பக்கக் கம்பியை நூலால் கட்டியிருப்பார்.

வாங்கியது இவ்வளவுதான். அரை லிட்டர் ஸ்டீல் பிளாஸ்க் 320 ரூபாய், கண்ணாடி வைக்கிற கெட்டியான கூடு 50, சுக்கு மல்லிப் பொடி 60, அரைக் கிலோ கடலை மிட்டாய் 110, நல்ல கனமான ஒரு துண்டு 90, சணல் கயிறு 20. அப்புறம் தபால் ஆபீசில் பத்து அஞ்சலட்டை, ஒன்று 50 காசு, ஆக 5 ரூபாய். ஒவ்வொரு அட்டையிலும் எங்களில் ஒருவருடைய முகவரியை முன்கூட்டியே எழுதிவைத்தோம். போன் இருக்கிறதே என்பீர்கள். ஆனால் அவர் எழுதுகிறவர், வாசலில் இருந்த வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். மொத்தம் 655, மிச்சம் 45 ரூபாய் அன்றைக்கு டீக்குப் போனது. கூடை? வாங்கவே இல்லை. பஸ்ஸில் போகிறவருக்குக் கூடை ஒரு தொல்லை. துண்டை விரித்து எல்லாவற்றையும் நடுவில் வைத்து, நாலு முனையையும் சேர்த்து மூட்டையாக முடிந்து, முடிச்சில் சணலைச் சுற்றினோம்.

இரண்டு மாதம் கழித்து என் முகவரி எழுதிய அட்டை வந்தது. "பிளாஸ்கில் டீ விடியும்வரை சூடு. கடலை மிட்டாய் பேரன் தின்றான். எனக்குப் பல் இல்லை." பத்துப் பேர் உட்கார்ந்து யோசித்தோம், ஒருவருக்கும் அவர் பல் ஞாபகம் வரவில்லை.

அந்தக் கணக்கைத் திரும்பப் பாருங்கள், கிட்டத்தட்டப் பாதிக் காசு ஒரே பொருளுக்குப் போயிருக்கிறது. நான் எப்போதும் அப்படித்தான் பிரிக்கிறேன். பல வருஷம் உழைக்கிற ஒரு நல்ல பொருள், அதைச் சுற்றி மூன்று நாலு சின்னப் பொருள். பத்துப் பொருளை அறுபது அறுபது ரூபாய்க்கு வாங்கினால் கூடை நிறைந்த மாதிரி தெரியும், ஒரு மாதத்தில் எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும். சுற்றுகிற செலவு, அதாவது கூடை, தாள், ரிப்பன் எல்லாம் சேர்த்து, மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 700 என்றால் 100 ரூபாய்.

எதில் கட்டுவது

100 ரூபாய்க்குள் கூடை கிடைக்குமா என்றால், கிடைக்கும். சிட்டி மார்க்கெட்டைச் சுற்றி மூங்கில் கூடை விற்கிறார்கள், சிவாஜிநகர்ப் பக்கம் பேம்பூ பஜார் என்று பெயரே இருக்கிறது. பத்து அங்குல அகலம், நாலு அங்குல ஆழம் இருந்தால் நான் சொல்கிற அளவுக்குப் போதும். பெரிய கூடை வாங்காதீர்கள். பெரிய கூடையை நிரப்ப ஒன்று காசு போகும், இல்லையென்றால் அந்த 1,899 ரூபாய்க் கூடை மாதிரிக் காகிதம் போகும்.

வாங்கும்போது உள்பக்கம் கையை வைத்து ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள், சிராய் இருந்தால் துணியையும் விரலையும் கிழிக்கும். தரையில் வைத்துத் தட்டிப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். பச்சை வாசம் அடிக்கிற புது மூங்கிலை வாங்கினால் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்தே தீரவேண்டும். மழைக்காலத்தில் அப்படியே பொருளை வைத்துக் கட்டினால் நாலாவது நாள் அடியில் சாம்பல் பூத்த மாதிரிப் பூஞ்சை வந்து நிற்கும். எனக்கு வந்திருக்கிறது. ஒருமுறை கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், கூடைக்கார அம்மா சிரித்துவிட்டு, "அதைப் புடிச்சுத் தூக்காதம்மா, அது அழகுக்கு. அடியில கை குடு" என்றார். ஒரு கிலோவுக்கு மேல் எடை போனால் அவர் சொன்னதுதான் சரி.

ஆனால் கூடை கூடையாகத்தான் இருக்கவேண்டுமா? புதுவீடு போகிறவர்களுக்கு ஸ்டீல் வடிதட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறேன், தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிற பையனுக்குக் குக்கருக்குள்ளே. நம்முடைய ஒயர் கூடையை மறந்துவிடாதீர்கள். மர்பி டவுன், அல்சூர் பக்கம் வீட்டில் இருந்தபடி பின்னிக் கொடுக்கிற அக்காக்கள் இன்னும் இருக்கிறார்கள். நிறம் நீங்கள் சொல்லலாம், சிவன் கண் பின்னல் கேட்டால் கொஞ்சம் கூடுதலாகும், மழையில் நனைந்தாலும் கவலையில்லை, பத்து வருஷம் காய்கறி வாங்கப் போகலாம். அதன் விலை 100ஐத் தாண்டும்தான். அப்போது அதையே அந்த 'நல்ல பொருள்' கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஊரிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தைய கௌரி ஹப்பத்தன்று கன்னட வீடுகளில் 'மொரத பாகின' கொடுப்பார்கள். ஒரு முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், சீப்பு, சின்னக் கண்ணாடி, அரிசி, பருப்பு, வெல்லம், தேங்காய், ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து, அதன்மேல் இன்னொரு முறத்தைக் கவிழ்த்து மூடித் தருவார்கள். பெட்டியும் மூடியும் முறம்தான், இரண்டும் அடுத்த நாளே அரிசி புடைக்கப் போய்விடும், தூக்கிப் போட ஒன்றுமே இல்லை. காந்தி பஜாரில் அந்த வாரம் மூங்கில் முறங்கள் மலை மாதிரிக் குவிந்திருக்கும், அப்போதே நாலு வாங்கி வைத்துக்கொள்வேன்.

கடைத்தெரு

சிக்பேட்டையில் ஒரே காலை நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். பச்சை வழித்தட மெட்ரோவில் சிக்பேட்டை நிலையத்தில் இறங்கினால் எல்லாமே நடந்துபோகிற தூரம். காகிதம், அட்டைப் பெட்டி, பத்திரிகைத் தாள் எல்லாம் சுல்தான்பேட்டையில், ரிப்பன், லேஸ், மணி மாதிரிச் சில்லறை அலங்காரமெல்லாம் மாமூல்பேட்டையில், நோட்டு, பேனா என்றால் அவென்யூ ரோடு. வாரநாளில் பதினொரு மணிக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை நிறையக் கடை மூடியிருக்கும். மொத்த வியாபாரிகள் ஒரே ஒரு ரிப்பன் சுருளைத் தரமாட்டேன் என்பார்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து போய் ஒரு டஜன் வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்லது. கன்னடத்தில் 'எஷ்டு' (எவ்வளவு) என்று கேட்டு, 'ஸ்வல்ப கம்மி மாடி' (கொஞ்சம் குறைங்க) என்று இழுத்தால் பத்து ரூபாயாவது குறையும். ஆனால் கூடை முடைகிறவர்களிடம் பேரம் பேசாதீர்கள், அது கைவேலை. அவ்வளவு தூரம் போக முடியாதென்றால் கமர்ஷியல் தெருவை ஒட்டிய இப்ராஹிம் சாஹிப் தெருவிலும் லேஸ், ரிப்பன் எல்லாம் உண்டு.

பெங்களூரை விட்டுப் போகிறவருக்குக் கூடை கட்டுகிறீர்கள் என்றால் இந்த ஊர்ப் பொருளாக ஒன்று இரண்டு வையுங்கள். மைசூர் சாண்டல் சோப்பு எல்லாருக்கும் தோன்றும், தப்பில்லை, 1916லிருந்து இருக்கிற தொழிற்சாலை, யாருக்கும் பழைய ஞாபகத்தைக் கிளப்பும். குழந்தை இருக்கிற வீடென்றால் எம்.ஜி. ரோடு காவேரி எம்போரியத்தில் சன்னபட்டணம் மர பொம்மைகளைப் பாருங்கள். மைசூர் சாலையில் சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிற ஊர் அது. மரத்தைக் கடைசலில் சுற்றவிட்டு, நிறம் கலந்த அரக்குக் குச்சியை அதில் அழுத்துவார்கள், உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகி ஒட்டிக்கொள்ளும். முனையெல்லாம் உருண்டையாக இருக்கும், குழந்தை கையைக் குத்தாது. பம்பரம், சாவிக்கொத்து மாதிரிச் சின்னச் சாமான் பட்ஜெட்டுக்குள் வரும். கன்னடப் பஞ்சாங்கத்தின் கார்த்திக மாதத்தில் வருகிற பிறந்தநாள் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடியில் கடலைக்காய் பரிஷை என்கிற நிலக்கடலைத் திருவிழா நடக்கும், தோலோடு கடலை வாங்கி ஒரு துணிப்பையில் கட்டி வைத்தால் கூடையில் இடத்தையும் அடைக்கும், காசும் அதிகம் ஆகாது. பல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசே செலவழிக்காத ஒரு பொருளும் சொல்கிறேன். மூன்று நாலு வாரம் முன்னால் மணி பிளான்ட்டில் கணுவுக்குக் கீழே ஒரு துண்டு வெட்டி, பழைய ஜாம் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவிடுங்கள். கூடை கட்டுகிற நாளுக்கு வேர் விட்டிருக்கும், கொடுக்கும் முன் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஈரத்துணியில் வேரைச் சுற்றினால் சிந்தாது.

தின்கிற பொருள், வாசனைப் பொருள்

இந்த விஷயத்தில் நான் பட்டதை நீங்கள் படவேண்டாம். என் சிநேகிதியின் அம்மாவுக்கு அறுபது முடிந்தபோது, அவருக்குப் பிடித்த கைமுறுக்கு இருபது, இரண்டு சந்தன சோப்பு, ஒரு கட்டு ஊதுபத்தி, ரவிக்கைத் துணி என்று அழகாகக் கட்டினேன். முறுக்கு பட்டர் பேப்பரில், எல்லாவற்றையும் சேர்த்து மேலே இறுக்கமாகச் சுற்றி, முதல் நாள் இரவே தயார். மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. "ஏன் கண்ணு, முறுக்கு மாவுல சந்தனத்தை அரைச்சு ஊத்தினியா?" இருபது முறுக்கும் கோயில் பிரசாதம் மாதிரி மணந்திருக்கிறது. எண்ணெய்ப் பலகாரம் பக்கத்தில் இருக்கிற வாசனையை இழுத்துக்கொள்ளும், காபித்தூளும் டீத்தூளும் அப்படித்தான். சோப்பு, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி வைப்பதாக இருந்தால் தின்கிற பொருள் மூடி இறுகிய டப்பாவில் போகவேண்டும், இல்லையென்றால் இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். நான் இப்போது விட்டுவிடுகிறேன். ஒரு கூடை தின்பதற்கா குளிப்பதற்கா என்று முதலிலேயே முடிவு செய்துவிடுவேன்.

காபித்தூளைக் கடைசி நாளில் வாங்குங்கள். புதிதாக வறுத்து அரைத்த தூள் கொஞ்ச நேரம் கரியமிலவாயு விட்டுக்கொண்டே இருக்கும், சூடு ஆறாமல் காற்றுப் புகாத பாக்கெட்டில் அடைத்தால் பாக்கெட் பூரி மாதிரி உப்பிவிடும். கடைக்காரரிடம் எத்தனைக்கு எத்தனை சிக்கரி என்று கேட்டு அதையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள், பிடித்துப்போனால் அவர்களே அதே கலவையைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஊறுகாய் பாட்டில் கசியும், எந்தப் பாட்டிலும் கசியும், வாயில் ஒரு துண்டு பட்டர் பேப்பரை வைத்து மூடியைத் திருகி, நிமிர்த்தித்தான் வைக்கவேண்டும். சாக்லேட் ஏப்ரல், மே மாதங்களில் வேண்டாம், 34 டிகிரி பக்கம் போனாலே கோகோ வெண்ணெய் உருகிவிடும், பெங்களூர் வெயில் இப்போதெல்லாம் அதைச் சுலபமாகத் தொடுகிறது. தின்கிற எதையும் செய்தித்தாளில் நேராகச் சுற்றாதீர்கள், அச்சு மை உணவில் இறங்கும், உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதைக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறது. செய்தித்தாளின் இடம் கூடையின் அடிப்பாகம்.

அடுக்குவது

அடியில் செய்தித்தாளைக் கசக்கி உருண்டை உருண்டையாகப் போட்டு, கூடையின் அளவுக்கு வெட்டிய அட்டையை அதன்மேல் தளமாக வையுங்கள். இப்போது பொருள்கள் மேலே வந்து நிற்கும், சின்னக் கூடைகூட நிறைந்து தெரியும். தளத்தின்மேல் ஒரு துணி. ரவிக்கைத் துணி, கைக்குட்டை, சமையலறைத் துண்டு, எதுவானாலும் அவர்கள் பிறகு பயன்படுத்துகிற துணியாக இருக்கட்டும். அப்புறம் உயரமானது பின்னால், கனமானது நடுவில், சின்னது முன்னால். இதற்கு மேல் இதில் பெரிய கலை ஒன்றும் இல்லை.

ஒன்றே ஒன்று, பொருள்கள் நகரக்கூடாது. பிளாஸ்க், பாட்டில் மாதிரி உருள்கிறதை இரட்டைப் பக்க டேப் போட்டு அட்டைத் தளத்தில் ஒட்டிவிடுங்கள், அல்லது சணலால் கூடைப் பின்னலோடு சேர்த்து ஒரு கட்டு. இடைவெளியை நிரப்ப, பழக்கடையில் மாம்பழப் பெட்டியில் வருகிற வைக்கோலைக் கேட்டால் சும்மாவே தருவார்கள், உதறிப் பூச்சி இல்லையா என்று பார்த்துவிட்டுப் போடலாம். அலுவலகத்தில் காகிதம் நறுக்குகிற இயந்திரம் இருந்தால் அதில் விழுகிற நறுக்கலும் ஆகும், ஆனால் யாருடைய சம்பளச் சீட்டும் அதில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் கூடையை அடியில் பிடித்து நன்றாக ஒரு குலுக்குக் குலுக்குங்கள். ஏதாவது சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி அடுக்கவேண்டும், நம் ஊர் ரோட்டுப் பள்ளத்தில் ஆட்டோ குலுக்குகிற குலுக்கு இதைவிடப் பெரியது.

மேலே சுற்றுவதற்கு எல்லாரும் அந்தக் கண்ணாடித் தாளைத்தான் தேடுகிறார்கள். கடையில் செலோபேன் என்று விற்பதில் பெரும்பாலானது வெறும் பிளாஸ்டிக். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்த ஒருமுறைப் பிளாஸ்டிக் பட்டியலில் இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ் இவற்றைச் சுற்றுகிற பிளாஸ்டிக் படலமும், அலங்காரத்துக்கு வைக்கிற தெர்மகோலும் இருக்கின்றன, கர்நாடகத்தில் 2016லிருந்தே பிளாஸ்டிக் பைக்குத் தடை. சட்டத்தை விடுங்கள், அந்தத் தாள் சுற்றினால் கூடையைத் திறக்க ஆட்களுக்கு மனசே வருவதில்லை, அலமாரியில் அப்படியே வைத்து முறுக்கு நமுத்துப் போகும். பழைய பட்டுப்புடவையின் மெல்லிய முந்தானை, கொசுவலைத் துணி, வேட்டித் துண்டு எது இருந்தாலும் மேலே போர்த்தி விளிம்புக்குக் கீழே ஒரு சணல் கட்டு போதும். சுபகாரியம் என்றால் ஓரத்தில் இரண்டு வெற்றிலை, பாக்கு, ஒரு மஞ்சள் கிழங்கு. மல்லிகைச் சரம் வைப்பதாக இருந்தால் கதவைப் பூட்டிக் கிளம்புகிற நேரத்தில் வையுங்கள்.

பெயர்ச்சீட்டு

வீட்டில் சேர்ந்துகிடக்கிற கல்யாணப் பத்திரிகைகளை எறியாதீர்கள். கெட்டித் தாள், தங்க ஓரம், பின்பக்கம் வெறுமை, இதைவிட நல்ல சீட்டை எந்தக் கடையிலும் பத்து ரூபாய்க்கு வாங்க முடியாது. ஓரத்து மாங்காய்ப் பூவேலையை மட்டும் வெட்டி எடுங்கள். பிள்ளையார் படத்தின் குறுக்கே கத்தரிக்கோலை விட்டு, அது பெரியவர்கள் கண்ணில் பட்டால், கூடையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஒரு பொருளுக்கு ஒரு சீட்டு, அதில் ஒரு வரி, கையெழுத்தில், தமிழில். 'அன்புடன்', 'வாழ்த்துகளுடன்' என்பதெல்லாம் வேண்டாம். சித்தி மகளுக்கு அந்தத் தண்ணீர் பாட்டிலில் 'மூணு மணிக்கு' என்று மட்டும் எழுதினேன். மாமாவின் ஃபில்டருக்கு 'இனி புலம்ப வேற ஏதாவது தேடிக்கோங்க'. இப்படி எழுத உங்களால்தான் முடியும், இதற்குக் காசும் ஆகாது. தமிழ் படிக்கத் தெரியாத பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு நான் ஒரு படம் வரைந்து விடுகிறேன், பூனை வரைந்தால் நாய் மாதிரி வரும், அவர்களுக்கு அதுவே வேடிக்கை.

கொண்டுபோவது

மெட்ரோவில் போனால் பைகளை ஸ்கேன் செய்கிற இயந்திரத்துக்குள் கூடையும் போகவேண்டும். அதன் வாயில் தொங்குகிற ரப்பர்ப் பட்டைகள் உயரமான எதையும் சாய்த்துவிடும், ஒருமுறை என்னுடைய மணி பிளான்ட் அந்தப் பக்கம் தலைகீழாக வந்தது. கூடையை ஒரு பெரிய துணிப்பைக்குள் இறக்கி, வாயைக் கட்டி அனுப்புங்கள். ஆட்டோ என்றால் சீட்டில் வைக்காமல் மடியில். செப்டம்பர், அக்டோபரில் சாயங்காலம் நாலரைக்கு மேல் கிளம்பினால் மழை பிடிக்கும், மதியமே கொடுத்துவிட்டு வந்துவிடுவது உத்தமம்.

கொடுக்கும்போது வாசலிலேயே நீட்டிவிட்டு வராமல், எதை முதலில் சாப்பிடவேண்டும் என்று வாயால் சொல்லுங்கள். தேங்காய் சேர்த்த பலகாரம் இருந்தால் அன்றைக்கே, நெய் உருண்டை ஒரு வாரம், முறுக்கு அதற்கும் மேல் தாங்கும். உள்ளே செடி இருக்கிறது, ஈரத்துணியைப் பிரித்து உடனே தண்ணீரில் போடவேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நான் ஒருதரம் சொல்லாமல் வந்துவிட்டேன், அதைக் கீரை என்று நினைத்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார்கள்.